ஜேகுவெரி சேர்த்தாயிற்று; ஆனால் படச்சுழலும் தைப்பூச நாள்கணக்கும் ஓட மறுக்கின்றன

ரோஸ்ஹில் தொண்டன்:

வணக்கம். மொரீசியஸில் உள்ள எங்கள் கோவில் வலைத்தளத்தின் முகப்பில் இரண்டு காரியம் நடக்க வேண்டும். தைப்பூசக் காவடிக்கு இன்னும் எத்தனை நாள், மணி, நிமிடம் என்று ஓடும் பலகை ஒன்று. போன வருடப் படங்கள் ஒன்று மங்க அடுத்தது தெளியும் சுழல் ஒன்று. இதற்காக ஜேகுவெரி என்ற ஆயத்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பைச் சேர்த்திருக்கிறேன். தளம் வேர்ட்பிரஸ் இல்லை, கையால் எழுதிய ஹெச்டிஎம்எல். வாடகை சர்வர், லினக்ஸில் அப்பாச்சி. தமிழ்ப் பக்கங்கள் மேல்மட்டத்தில். பிரெஞ்சுப் பக்கங்கள் ‘எஃப்ஆர்’ என்ற ஃபோல்டருக்குள்.

இந்த மன்றம் கோண அடைப்பைக் கண்டால் விழுங்கிவிடுகிறது, ஆங்கில எழுத்தில் நிரலை (கோடு) போட்டாலும் உடைக்கிறது. ஆகவே அடைப்பில்லாமல் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

ஹெட் பகுதியில்:
ஸ்கிரிப்ட் டிஃபர் எஸ்ஆர்சி="ஜேஎஸ்/ஜேகுவெரி-3.7.1.ஸ்லிம்.மின்.ஜேஎஸ்"
ஸ்கிரிப்ட் அசிங்க் எஸ்ஆர்சி="ஜேஎஸ்/சுழல்.ஜேஎஸ்"

பாடி முடியும் இடத்தில், பக்கத்துக்குள்ளேயே எழுதிய ஸ்கிரிப்டில், முதலில் நாள்கணக்கு:
வார் பூசம் = நியூ டேட்("01/02/2026");
அதற்குக் கீழே:
டாலர்("#படங்கள்").சுழல்();

என்ன நடக்கிறது என்றால்:

டிஃபரும் அசிங்க்கும் முதலில் இல்லை. அப்போது லேப்டாப்பில் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் பலகை ஓடியது. ஆனால் கணக்கு தப்பு. இன்று டிசம்பர் 10 மாலை; பிப்ரவரி 1க்கு 52 நாளும் சில மணியும் காட்ட வேண்டும், 22 நாள் சில மணி என்றது. படங்கள் அசையவில்லை, கன்சோலில் (பிரவுசரின் பிழை காட்டும் பகுதி) ‘ஃபேட்இன் இஸ் நாட் எ ஃபங்ஷன்’.

சர்வரில் ஏற்றியதும் அதுவும் போயிற்று. ‘அன்எக்ஸ்பெக்டெட் டோக்கன்’ என்று இடப்பக்கக் கோண அடைப்பைக் குறை சொல்லி ஒரு சிவப்பு வரி, அதற்குக் கீழே ‘டாலர் இஸ் நாட் டிஃபைண்ட்’. டிஃபர், அசிங்க் போட்டால் சரியாகும் என்று எங்கோ படித்துச் சேர்த்தேன். இப்போது லேப்டாப்பிலும் ‘டாலர் இஸ் நாட் டிஃபைண்ட்’.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஜேகுவெரியைச் சொந்த சர்வரில் வைப்பதா, சிடிஎன்னிலிருந்து (பல தளங்களுக்கும் பொதுவாக ஃபைல் வழங்கும் வெளி சர்வர்கள்) இழுப்பதா? வருபவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில், ப்ரீபெய்ட் டேட்டாவில் பார்ப்பவர்கள்.


டர்பன் கணினிக்காரன்:

ஐயா, உங்களிடம் இருப்பது ஒரு பிழை அல்ல, ஐந்தாறு ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் ஒன்றைத் தொட்டால் வேறொன்று மாறுகிறது.

கன்சோலில் எப்போதும் முதல் சிவப்பு வரியை மட்டும் பாருங்கள். ‘டாலர் இஸ் நாட் டிஃபைண்ட்’ என்பதற்கு ஜேகுவெரி இன்னும் வரவில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை. ஏன் வரவில்லை என்பது அதற்கு மேல் வரியில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் எதுவும் கோண அடைப்பில் தொடங்காது. ஹெச்டிஎம்எல் பக்கம்தான் அப்படித் தொடங்கும். அதாவது ஜேகுவெரியைக் கேட்ட இடத்தில் சர்வர் உங்களுக்கு ஒரு வலைப்பக்கத்தைக் கொடுத்திருக்கிறது. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபில் ஜேகுவெரி வரியைச் சொடுக்கி ரெஸ்பான்ஸைப் பாருங்கள், உங்கள் முகப்புப் பக்கமே தெரியும். நிலை எண்ணும் 404 (ஃபைல் இல்லை) ஆக இராது, 200 (சரி) என்றிருக்கும். 404 ஆக இருந்தால் பிரவுசர் அந்த ஃபைலை ஓட்டவே ஓட்டாது, டோக்கன் பிழையும் வந்திருக்காது. ‘இல்லாத முகவரி எது வந்தாலும் முகப்பைக் காட்டு’ என்று சர்வர் அமைப்புகள் எழுதும் ஹெச்டிஆக்சஸ் ஃபைலில் யாரோ ஒரு ரீரைட் விதி போட்டிருப்பார்கள். நல்ல எண்ணத்தில் போட்டதுதான், ஆனால் இந்த மாதிரிப் பிழைகளை மூடி மறைத்துவிடும். ஜேஎஸ், சிஎஸ்எஸ், படங்களுக்கு அந்த விதி பொருந்தாதபடி விலக்கு கொடுங்கள்.

சர்வரில் ஃபைல் ஏன் கிடைக்கவில்லை? பெரும்பாலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்துச் சிக்கல். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. சர்வரில் ஃபோல்டர் பெயர் பெரிய எழுத்தில் இருந்து, பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் லேப்டாப்பில் ஓடும், சர்வரில் விழும். ஜேகுவெரி என்ற பெயரிலேயே நடுவில் ஒரு பெரிய கியூ இருக்கிறது, ஃபைல் பெயரிலோ அது சின்ன எழுத்து. இங்கே தடுக்கி விழாதவர் குறைவு. ஃபோல்டர், ஃபைல் எல்லாவற்றுக்கும் சிறிய எழுத்து, இடைவெளி வேண்டாம் என்று ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதைச் சரிசெய்தாலும் பிரெஞ்சுப் பக்கத்தில் ஓடாது. ‘ஜேஎஸ்/...’ என்று தொடங்கும் வழி, பக்கம் இருக்கும் ஃபோல்டரிலிருந்து எண்ணப்படும். ‘எஃப்ஆர்’ ஃபோல்டருக்குள் இருக்கும் பக்கம் ‘/எஃப்ஆர்/ஜேஎஸ்/...’ என்று தேடும். அங்கே ஒன்றும் இல்லை. முன்னால் ஒரு சாய்கோடு போட்டு ‘/ஜேஎஸ்/...’ என்று எழுதினால் எந்தப் பக்கத்திலிருந்தும் தளத்தின் வேரிலிருந்தே தேடும்.

அதற்கு ஒரு விலை உண்டு. டபுள் கிளிக் செய்து திறந்தால் அந்தச் சாய்கோடு ஹார்ட் டிஸ்கின் வேரைக் குறிக்கும், லேப்டாப்பில் எதுவும் வராது. டபுள் கிளிக் பழக்கத்தையே விடுங்கள். பைத்தான் இருந்தால் தளத்தின் ஃபோல்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘பைத்தான் -எம் ஹெச்டிடிபி.சர்வர் 8000’ என்று அடித்து, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8000க்குப் போங்கள். விண்டோஸில் அதுவும் எழுத்து பேதம் பார்க்காது என்பதால் முந்தைய பத்தியில் சொன்ன பிழை அங்கே தெரியாது. அதற்குத்தான் சிறிய எழுத்து விதி.

இப்போது டிஃபர். டிஃபர் போட்ட ஃபைல் பின்னணியில் இறங்கி, பக்கம் முழுவதும் படித்து முடித்த பிறகே ஓடும். ஆனால் எஸ்ஆர்சி இல்லாமல் பக்கத்துக்குள் எழுதிய ஸ்கிரிப்ட் காத்திருக்காது, கண்ட இடத்தில் ஓடிவிடும். ஆகவே உங்கள் டாலர் வரி ஓடும் நேரத்தில் ஜேகுவெரி வாசலில் நிற்கிறது. பக்கத்துக்குள் எழுதிய ஸ்கிரிப்டுக்கே டிஃபர் போட்டுப் பார்க்கலாமா என்றால், எஸ்ஆர்சி இல்லாவிட்டால் பிரவுசர் அந்தச் சொல்லைக் கண்டுகொள்வதில்லை.

அசிங்க் இதைவிட மோசம். எது முதலில் இறங்குகிறதோ அது முதலில் ஓடும். சுழல் ஃபைல் சின்னது, ஜேகுவெரி பெரியது. பல நேரம் சுழலே முந்திக்கொள்ளும். வீட்டு வைஃபையில் ஓடும், கைப்பேசியில் ஓடாது, ரீலோட் செய்தால் ஓடும் என்று பைத்தியம் பிடிக்க வைப்பது இதுதான். ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் ஃபைல்களுக்கு அசிங்க் கூடாது.

பக்கத்துக்குள் இருக்கும் ஸ்கிரிப்டைத் தனி ஃபைலாக வெட்டி எடுத்து, ஹெட் பகுதியில் இப்படி வையுங்கள்:

ஸ்கிரிப்ட் டிஃபர் எஸ்ஆர்சி="/ஜேஎஸ்/ஜேகுவெரி-3.7.1.மின்.ஜேஎஸ்"
ஸ்கிரிப்ட் டிஃபர் எஸ்ஆர்சி="/ஜேஎஸ்/சுழல்.ஜேஎஸ்"
ஸ்கிரிப்ட் டிஃபர் எஸ்ஆர்சி="/ஜேஎஸ்/கோவில்.ஜேஎஸ்"

டிஃபர் ஃபைல்கள் எழுதிய வரிசையிலேயே ஓடும், எது முதலில் இறங்கினாலும் சரி. ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் மூடும் டேக் கட்டாயம். படத்துக்குப் போடுவதுபோல டேக்கின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு மூட முடியாது. அப்படி மூடினால் அடுத்த ஸ்கிரிப்ட் வரிகளை முதல் ஸ்கிரிப்ட் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொள்ளும்.

முதல் வரியில் ‘ஸ்லிம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டிருக்கிறேன், கவனித்தீர்களா? ஸ்லிம் பதிப்பில் அஜாக்ஸும் (பக்கம் மாறாமல் சர்வரிலிருந்து தகவல் இழுப்பது) எஃபெக்ட்ஸும் (அசைவு, மங்கல்) கிடையாது. ஃபேட்இன், ஃபேட்அவுட், ஸ்லைட்டவுன், அனிமேட் எல்லாம் எஃபெக்ட்ஸ் வகை. உங்கள் ‘ஃபேட்இன் இஸ் நாட் எ ஃபங்ஷன்’ அங்கிருந்து வந்தது. பெயரின் பாதியைப் பார்த்து ‘சின்னதாக இருக்கிறதே’ என்று இறக்கிக்கொள்பவர்களை மாதம் ஒருவராவது இங்கே பார்க்கிறோம்.


பஞ்சாங்கப் பித்தன்:

நாள்கணக்கு என் பங்கு.

மொரீசியஸில் நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். ஜாவாஸ்கிரிப்டோ சாய்கோடு போட்ட தேதியை அமெரிக்க வழக்கப்படி மாதம், நாள், வருடம் என்று படிக்கும். உங்கள் 01/02/2026 அதற்கு ஜனவரி 2. பிப்ரவரி 1க்கும் ஜனவரி 2க்கும் சரியாக 30 நாள் வித்தியாசம். உங்கள் பலகையில் குறைந்ததும் அதே 30. இதே கோடு சென்ற தைப்பூசத்துக்கு, அதாவது 11/02/2025க்கு, நவம்பர் 2ஐக் காட்டியிருக்கும். விழா 13ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் வருடத்தில் 13ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் பலகை முழுக்க ‘என்ஏஎன்’ (எண் அல்ல) என்று நிற்கும். அப்படி உடைந்தாலாவது கண்ணில் படும். பாதி சரியாக இருப்பதுதான் ஆபத்து.

வருடம்-மாதம்-நாள் என்று ‘2026-02-01’ எழுதினால் மாதக் குழப்பம் தீரும், ஆனால் வேறொரு பொறி திறக்கும். நேரம் இல்லாமல் தேதியை மட்டும் இப்படி எழுதினால் அது யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு. நமக்கு யூடிசியைவிட 4 மணி நேரம் முன். பலகை காலை 4 மணிக்குத்தான் பூஜ்யம் காட்டும். கூடவே நேரத்தையும் சேர்த்து ‘2026-02-01டி00:00:00’ என்று எழுதினால் அது பார்ப்பவரின் கைப்பேசி நேரம். டர்பனில் இருப்பவருக்கு 2 மணி நேரம் பிந்தும், சென்னையில் இருப்பவருக்கு ஒன்றரை மணி முந்தும். எல்லோருக்கும் ஒரே கணத்தில் முடிய வேண்டுமானால் வலய வித்தியாசத்தையும் சேர்த்தே எழுதுங்கள்:

வார் பூசம் = நியூ டேட்("2026-02-01டி00:00:00+04:00");

நடுவில் இருக்கும் ‘டி’ ஆங்கிலப் பெரிய எழுத்து. மாதத்துக்கும் நாளுக்கும் முன்னால் சுழியம் கட்டாயம். ‘2026-2-1’ என்று விட்டால் பிரவுசருக்குப் பிரவுசர் வேறு விடை வரும். 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை நம் நாட்டில் கோடை நேரம் ஒருமுறை முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு இல்லை. ஆகவே +04:00 வருடம் முழுவதும் நிற்கும். ரியூனியன்காரர்களுக்கும் அதே எண்தான்.

ஒரு சின்ன விஷயம். நொடிக்கு ஒருமுறை எண்ணை ஒன்று குறைப்பதுபோல எழுதியிருந்தால் மாற்றுங்கள். வேறு டேபுக்குப் போய்விட்டால் பிரவுசர் பின்னணி டேபின் டைமரை மெதுவாக்கும், சில நேரம் நிறுத்தியே வைக்கும்; திரும்பி வரும்போது பலகை பின்தங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் ‘டேட்.நவ்’ கேட்டுப் பூச நேரத்திலிருந்து கழித்துப் புதிதாகக் கணக்கிடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் என்ன காட்டுவது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். விழா நாள் காலையில் ‘-1 நாள்’ என்று ஓடும் கோவில் தளங்கள் உண்டு.


ரோஸ்ஹில் தொண்டன்:

இருவருக்கும் நன்றி. ஃபோல்டர் பெயர் பெரிய எழுத்தில்தான் இருந்தது. மாற்றி, மூன்று டிஃபர் வரிகளையும் போட்டுவிட்டேன். தமிழ்ப் பக்கத்தில் நாள்கணக்கு சரியாக ஓடுகிறது. சுழல் இப்போது வேறு பிழை சொல்கிறது: ‘சைஸ் இஸ் நாட் எ ஃபங்ஷன்’.

பிரெஞ்சுப் பக்கத்தில் இன்னும் ‘டாலர் இஸ் நாட் டிஃபைண்ட்’. அந்தப் பக்கத்தின் வாசகங்களைத் திருத்தியவர் வேர்டில் திறந்து திருத்தி, கோடையும் சேர்த்து ஒட்டி அனுப்பினார். நெட்வொர்க் டேபில் கேட்கப்படும் முகவரி விசித்திரமாக இருக்கிறது:

/எஃப்ஆர்/%சி2%ஏபி%சி2%ஏ0/ஜேஎஸ்/ஜேகுவெரி-3.7.1.மின்.ஜேஎஸ்%சி2%ஏ0%சி2%பிபி


டர்பன் கணினிக்காரன்:

வேர்டின் வேலை. மொழி பிரெஞ்சு என்றிருந்தால் நீங்கள் நேர் மேற்கோள் அடித்தாலும் அது பிரெஞ்சுக் கோண மேற்கோளாக மாற்றி, உள்பக்கம் உடையா இடைவெளி ஒன்றும் சேர்க்கும். சி2 ஏபி என்பது திறக்கும் கோண மேற்கோள், சி2 பிபி மூடுவது, சி2 ஏ0 அந்த இடைவெளி. ஹெச்டிஎம்எல்லுக்கு இவை மேற்கோளே அல்ல, சாதாரண எழுத்துகள். அதனால் முகவரியின் பகுதியாகவே எடுத்துக்கொண்டது. முன்னால் வேறு எழுத்து ஒட்டியதால் சாய்கோடும் முதல் எழுத்தாக இல்லை, மறுபடி ‘எஃப்ஆர்’ ஃபோல்டருக்குள் தேடுகிறது.

அந்தப் பக்கத்தை நோட்பேட் பிளஸ்பிளஸிலோ விஎஸ் கோடிலோ திறந்து, இரண்டு கோண மேற்கோளையும் தேடி, டேக்குகளுக்குள் இருப்பதை நேர் மேற்கோளாக மாற்றுங்கள். வாசகங்களுக்குள் இருப்பதைத் தொட வேண்டாம், அங்கே அதுதான் சரியான பிரெஞ்சு. இனி வாசகத்தை மட்டும் வேர்டில் வாங்குங்கள்.

‘சைஸ்’ பிழைக்கு வருவோம். உங்கள் சுழல் பழைய ஜேகுவெரிக்கு எழுதியது. சைஸ் 3.0இல் நீக்கப்பட்டது. ‘.சைஸ்()’ என்று வரும் இடமெல்லாம் ‘.லெங்த்’ என்று போடுங்கள், அடைப்புக்குறி இல்லாமல். அதோடு நிற்காது. அதே ஃபைலில் இன்னும் மூன்றைத் தேடுங்கள்.

டாலர்(விண்டோ).லோட்(ஃபங்ஷன்...) என்று இருந்தால், 3.0இல் அந்த நிகழ்வுச் சுருக்கம் போய்விட்டது. இப்போது லோட் என்றால் அஜாக்ஸ் லோட் மட்டுமே. அது முகவரியை எதிர்பார்க்கும், நீங்கள் ஃபங்ஷன் கொடுக்கிறீர்கள். ‘இன்டெக்ஸ்ஆஃப் இஸ் நாட் எ ஃபங்ஷன்’ என்று சம்பந்தமில்லாத பிழை வரும். ‘.ஆன்("லோட்", ஃபங்ஷன்...)’ என்று மாற்றுங்கள். ஆனால் இதை ரெடிக்குள் (பக்கம் படித்து முடிந்ததும் ஓட ஜேகுவெரி தரும் இடம்) வைக்காதீர்கள்: 3.0இலிருந்து ரெடி சற்றுப் பிந்தி ஓடுவதால், அதற்குள் லோட் நிகழ்வு நடந்து முடிந்திருக்கலாம்.

‘.லைவ்(’ இருந்தால் அது 1.9இலேயே போயிற்று. ‘டாலர்.பிரவுசர்’ இருந்தாலும் அப்படியே. அந்த வரிகள் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்காக எழுதியவையாக இருக்கும், அந்த இஃப் பகுதியை அப்படியே தூக்கிவிடலாம்.

ஒவ்வொன்றாகத் தேட அலுப்பாக இருந்தால் ஜேகுவெரி மைக்ரேட் 3ஆம் பதிப்பை, ஜேகுவெரிக்கு அடுத்து, சுழலுக்கு முன் சேர்த்துப் பாருங்கள். ‘மின்’ (சுருக்கிய) பதிப்பு வேண்டாம், அது கன்சோலில் எச்சரிக்கை எதையும் எழுதாது. சுருக்காத பதிப்பே, 1.9இலேயே போனவற்றைத் தவிர, எந்தப் பழைய அழைப்பு எங்கே என்று எச்சரிக்கும். ஃபைலைத் திருத்தியதும் மைக்ரேட்டை எடுத்துவிடுங்கள். அது ஊன்றுகோல், நிரந்தரமாக வைத்துக்கொள்வதற்கு அல்ல.

பழைய ஃபைலைத் திருத்தச் சோம்பல்பட்டு ஜேகுவெரி 1.ஏதோ ஒன்றுக்குத் திரும்பிப் போகாதீர்கள். 3.5.0க்கு முந்திய பதிப்புகளில் ஹெச்டிஎம்எல் துண்டுகளைக் கையாளும் இடத்தில் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை (வேற்றாள் நிரலைப் பக்கத்துக்குள் புகுத்தும் வழி) இருப்பது 2020இல் வெளியானது.

எந்தப் பதிப்பு உண்மையில் ஓடுகிறது என்று பார்க்கக் கன்சோலில் ‘ஜேகுவெரி.எஃப்என்.ஜேகுவெரி’ என்று அடியுங்கள், ‘3.7.1’ வர வேண்டும். வேறு எண் வந்தால் பக்கத்தின் அடியில் யாரோ இரண்டாவது ஜேகுவெரி சேர்த்திருக்கிறார்கள். இரண்டாவது வந்ததும் டாலர் அதன் கைக்குப் போய்விடும், முதலாவதில் பதிந்த சுழல் காணாமல் போகும். ‘சுழல் இஸ் நாட் எ ஃபங்ஷன்’ என்று எப்போதாவது வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும்.


சேன்பியர் வாசி:

சிடிஎன் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் பதில்: சொந்த சர்வர்.

சிடிஎன்னுக்குச் சொல்லும் பழைய நியாயம், வேறு தளத்தில் ஜேகுவெரி இறங்கியிருந்தால் அதே நகல் உங்களுக்கும் உதவும் என்பது. அது செத்துப்போன நியாயம். சஃபாரி வெகு முன்பே, குரோம் 2020இல் 86ஆம் பதிப்பிலிருந்து, ஃபயர்ஃபாக்ஸ் 2021இல் 85இலிருந்து, ஒவ்வொரு தளத்துக்கும் கேஷை (இறங்கிய ஃபைல்களின் சேமிப்பு) தனித்தனியாகப் பிரித்துவிட்டன. வேறு தளத்தின் நகலை உங்கள் பக்கம் தொட முடியாது.

மிச்சமிருப்பது அருகில் இருக்கும் சர்வர் என்ற நன்மை. ஆனால் புது டொமைன் ஒன்றைத் தொட்டால் டிஎன்எஸ்ஸில் முகவரி கேட்க வேண்டும், இணைப்புக்கு டிசிபி கை குலுக்க வேண்டும், பாதுகாப்புக்கு டிஎல்எஸ் கை குலுக்க வேண்டும், பிறகுதான் ஃபைல் கேட்க முடியும். சொந்த சர்வரோடு இந்தச் சடங்குகள் பக்கம் இறங்கும்போதே முடிந்திருக்கும். ஜேகுவெரி அதே இணைப்பில் வந்துவிடும். நம் தீவுகளிலிருந்து எல்லாமே கடலடிக் கேபிளில் ஓடுகிறது. சுற்று ஒன்றுக்கு 200 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டாலும் மூன்று சுற்று என்றால் அரை நொடிக்கு மேல் போயிற்று. முப்பது கேபி ஃபைலுக்கு இது கட்டுபடியாகாது.

முப்பது என்று சொன்னது சுருக்கி அனுப்பும்போது. 3.7.1 மின் ஃபைல் சுமார் 87 கேபி, ஜிஜிப் செய்தால் சுமார் 30. சர்வர் ஜிஜிப் செய்கிறதா என்று நெட்வொர்க் டேபில் பாருங்கள்: அனுப்பிய அளவும் உண்மை அளவும் ஒன்றாக இருந்தால் செய்யவில்லை. அப்பாச்சியில் மாட் டிஃப்ளேட் என்ற சுருக்கும் பகுதி இருந்தால் ஹெச்டிஆக்சஸில் ஜாவாஸ்கிரிப்ட் வகைக்கு அதைத் திறந்துவிடலாம். பதிப்பு எண் ஃபைல் பெயரிலேயே இருப்பதால் கேஷ் காலம் ஒரு வருடம், அதாவது 31536000 நொடி, தாராளமாகக் கொடுங்கள். உங்கள் சொந்த கோவில்.ஜேஎஸ்ஸுக்கு அப்படிக் கொடுத்தால் முகவரிக்குப் பின்னால் ‘?வி=2’ போல ஒன்று சேர்த்து, திருத்தும்போதெல்லாம் எண்ணை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திருத்தியது வருகிறவர்களுக்குப் போய்ச் சேராது.

யாராவது சிடிஎன்தான் வேண்டும் என்றால் இன்டெக்ரிட்டி ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற சரிபார்ப்புக் குறி) இல்லாமல் சேர்க்காதீர்கள். 2024 ஜூனில், பல தளங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் வழங்கிவந்த பாலிஃபில் ஐஓ டொமைன் கை மாறிய பிறகு அதிலிருந்து தீங்கான கோடு போனது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் அதை ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரியில் சேர்த்து வைத்திருந்தன. ஹாஷ் இருந்தால் ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் பிரவுசர் ஓட்டாது. ஹாஷோடு ‘கிராஸ்ஆரிஜின்="அனானிமஸ்"’ சேர்க்க மறந்தால் சரியான ஃபைலையும் தடுத்துவிடும். முகவரியில் பதிப்பை ஏற்றிவிட்டு ஹாஷைப் பழையதாகவே விடுவதும் அடிக்கடி நடப்பது. ‘லேட்டஸ்ட்’ என்று பெயர் வைத்த ஜேகுவெரி முகவரியை நம்ப வேண்டாம், 2014இலிருந்து அது 1.11.1இலேயே உறைந்து நிற்கிறது.


வெறும்கை நிரலர்:

எல்லாம் சரி, ஆனால் இந்த இரண்டு வேலைக்கு ஜேகுவெரி எதற்கு? நாள்கணக்குக்குத் தேவையே இல்லை: ‘டாக்குமென்ட்.கெட்எலிமென்ட்பைஐடி’யில் எடுத்து ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’டில் எழுதினால் முடிந்தது.

படச்சுழலும் அப்படித்தான். படங்களை ஒரே பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக பொசிஷன் அப்சல்யூட்டில் அடுக்குங்கள். பெட்டிக்கு ‘ஆஸ்பெக்ட்-ரேஷியோ: 3 / 2’ கொடுங்கள், இல்லாவிட்டால் உயரம் பூஜ்யமாகிப் பெட்டி சுருங்கிவிடும். எல்லாப் படத்துக்கும் ஒபாசிட்டி 0, ட்ரான்சிஷன் 1 நொடி. ‘தெரி’ என்ற கிளாஸ் இருக்கும் படத்துக்கு ஒபாசிட்டி 1. ஜாவாஸ்கிரிப்டின் வேலை 5000 மில்லிநொடிக்கு ஒருமுறை அந்தக் கிளாஸை இதிலிருந்து எடுத்து அடுத்ததில் வைப்பது. பத்துப் பதினைந்து வரி. அசைவைக் குறைக்கச் சொல்லி கைப்பேசியில் அமைத்திருப்பவர்களுக்கு ‘ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன்’ பார்த்துச் சுழலை நிறுத்திவிடுங்கள்.

ப்ரீபெய்ட் டேட்டாவைப் பற்றிக் கவலைப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது படங்களை. கேமராவிலிருந்து நேராக எடுத்த ஒரு படம் 4 எம்பி வரும். அது ஜிஜிப் செய்த ஜேகுவெரியைப்போல நூறு மடங்குக்கு மேல். அகலம் 1200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி வடிவில் தரம் 75 வைத்துச் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கிவிடும். ‘லோடிங்="லேசி"’ போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அடுக்கிய படங்கள் எல்லாம் ஒரே இடத்தில், திரைக்குள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பிரவுசர் கணக்கில் அவை திரையில் இருப்பவை, எல்லாம் உடனே இறங்கும். முதல் படத்துக்கு மட்டும் எஸ்ஆர்சி கொடுத்து, மற்றவற்றின் முகவரியை டேட்டா-எஸ்ஆர்சியில் வைத்து, முறை வருவதற்கு ஒரு படம் முன்னதாக எஸ்ஆர்சிக்கு மாற்றுங்கள்.


டர்பன் கணினிக்காரன்:

இந்த முகப்பு மட்டும் என்றால் வெறும்கை சொல்வதே சரி, நான் மறுக்கவில்லை. மற்றப் பக்கங்களில் படம் பெரிதாக்கும் பிளகினோ (துணை நிரல்) படிவச் சோதனையோ ஜேகுவெரியை நம்பியிருந்தால் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். இரண்டு பாணியும் ஒரே பக்கத்தில் இருக்கலாம், சண்டை போடாது.


ரோஸ்ஹில் தொண்டன்:

மற்ற இரண்டு பக்கங்களில் படம் பெரிதாக்கும் பிளகின் இருக்கிறது, ஆகவே ஜேகுவெரி இருக்கட்டும். லெங்த் மாற்றியதும் சுழல் ஓடிவிட்டது. படங்களைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நாள்கணக்கில் ‘நாள்’, ‘மணி’, ‘நிமிடம்’ என்ற சொற்கள் கோவில்.ஜேஎஸ்ஸுக்குள் இருக்கின்றன. தமிழ்ப் பக்கத்தில் சரியாக வருகின்றன. பிரெஞ்சுப் பக்கத்தில் மட்டும், தலையில் சாய்கோடு போட்ட ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வரும் கிறுக்கலாகத் தெரிகின்றன. ஃபைல் ஒன்றே, எப்படி?


பஞ்சாங்கப் பித்தன்:

கேள்விக்குறிகளாக வந்திருந்தால் ஃபைலைப் பழைய ஆன்சி குறியாக்கத்தில் சேமித்து எழுத்துகளையே தொலைத்துவிட்டீர்கள், மறுபடி அடிக்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன். சாய்கோடு போட்ட ஏயும் வட்ட ஆரும் வந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, தப்பாகப் படிக்கப்படுகிறது என்று பொருள். எல்லா மொழிக்கும் பொதுவான குறியாக்கமான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. அவற்றைப் பழைய மேற்கத்திய குறியாக்கத்தில் படித்தால் அந்த ஏயும் ஆரும் திரும்பத் திரும்ப வரும்.

பிரெஞ்சுப் பக்கத்தின் ஹெட்டில், குறியாக்கத்தைச் சொல்லும் மெட்டா சார்செட் என்ன என்று பாருங்கள். ஐஎஸ்ஓ-8859-1 என்று இருக்கும். ஜேஎஸ் ஃபைலோடு சர்வர் குறியாக்கம் சொல்லி அனுப்பாவிட்டால், அதைச் சேர்த்த பக்கத்தின் குறியாக்கத்திலேயே பிரவுசர் அதையும் படிக்கும். அதனால் தமிழ்ப் பக்கத்தில் சரி, பிரெஞ்சுப் பக்கத்தில் கிறுக்கல்.

ஹெச்டிஆக்சஸில் ‘ஆட்சார்செட் யூடிஎஃப்-8 .ஜேஎஸ்’ என்று ஒரு வரி போட்டால் இன்றே தீரும். நல்ல வழி, பிரெஞ்சுப் பக்கத்தையே யூடிஎஃப்-8 ஆக்குவது. எடிட்டரில் ‘கன்வர்ட் டு யூடிஎஃப்-8’ கொடுத்துச் சேமித்து, மெட்டா வரியையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே தடவையில் நடக்க வேண்டும். மெட்டாவை மட்டும் மாற்றினால் பிரெஞ்சின் அக்சான் (உச்சரிப்புக் குறி) போட்ட எழுத்து ஒவ்வொன்றும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாகிவிடும். மெட்டா வரி ஹெட்டின் முதல் வரியாக இருக்கட்டும், ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்தாக வேண்டும். மேலே நீளமான கமென்ட் ஏதாவது இருந்தால் கீழே தள்ளிவிடுங்கள்.